மோசமான வாரத்தையும் தாங்குற ஃபிட்னஸ்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, ஃபிட்னஸ் ஆரம்பிக்கணும். ஜிம்மா, ரன்னிங்கா, யோகாவா, எது நல்லது?" இந்த எபிசோட் அதுக்கான பதில். ஆனா அதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்கிறேன். கடைசியா உங்களுக்கு வந்த மோசமான வாரத்தை நினைச்சுப் பாருங்க. ரிலீஸ், ஆடிட், செமஸ்டர் எக்ஸாம், வீட்டுல ஒரு கல்யாணம், எதுவா வேணும்னாலும் இருக்கலாம். அந்த வாரத்துல ஒரு நாளைக்கு உங்களுக்குன்னு எத்தனை நிமிஷம் கிடைச்சுது?

நம்ம பிளான் அந்த நிமிஷக் கணக்குல இருந்துதான் தொடங்கணும். பெரும்பாலும் நாம தலைகீழா பண்றோம். ஜனவரி முதல் வாரம், நல்லா தூங்கி எழுந்த உற்சாகத்துல, வாரத்துக்கு ஆறு நாள், காலைல அஞ்சரை மணி, ஒரு மணி நேரம் ஜிம்னு எழுதி வைக்கிறோம். வருஷ சந்தாவுக்கு டிஸ்கவுன்ட்னு சொன்னா மொத்தமா கட்டிடுறோம். அது நம்மளோட நல்ல வாரத்துக்காக எழுதின பிளான். சாஃப்ட்வேர்ல ஞாயித்துக்கிழமை காலைல இருக்கிற டிராஃபிக்கை வச்சு யாரும் சிஸ்டம் டிசைன் பண்ண மாட்டோம். தீபாவளி சேல் அன்னிக்கு தாங்குமான்னுதான் பார்ப்போம். உடம்புக்கும் அதே லாஜிக் போடலாம்.

ஒல்லியா இருந்தா போதாதா?

முதல்ல, இது ஏன் நம்ம வயசுலயே அவசியம்னு பார்த்துடலாம். "நான் ஒல்லிதான், எனக்கு எதுக்கு?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு உண்மைக் கதை.

2004-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல ஒரு சின்னக் குறிப்பு வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற ஒரு போட்டோ. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணுதான், 22.3. அதாவது உயரத்துக்கு ஏத்த எடை, சார்ட்படி ரெண்டு பேருமே நார்மல். ஆனா உடம்புல இருக்கிற கொழுப்பை அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., ரெண்டு மடங்குக்கு மேல கொழுப்பு.

நம்ம ஊர் ஆபீஸ்ல இதை தினமும் பார்க்கலாம். கை கால் மெலிசா இருக்கும், வயிறு மட்டும் சட்டையை முன்னாடி தள்ளும். தசை கம்மி, வயித்தைச் சுத்தி கொழுப்பு ஜாஸ்தி. இதனாலதான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. வரம்பையே மருத்துவர்கள் கீழ இறக்கியிருக்காங்க. உலக அளவுல 25-க்கு மேல போனாதான் அதிக எடை. நமக்கு 23-லயே அந்தக் கோடு ஆரம்பிச்சிடுது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா கவனிக்கணும்.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவோட சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தின நாடு தழுவிய ஆய்வு 2023-ல வெளியாச்சு. அதுபடி இந்தியாவுல சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. 13 கோடியே 60 லட்சம் பேர் அதுக்கு முந்தின கட்டத்துல இருக்காங்க. எங்க வீட்டுலயே அப்பா, சித்தப்பா ரெண்டு பேருக்கும் சுகர். ரெண்டு பேருமே குண்டு கிடையாது. அதனால எனக்கு ஃபிட்னஸ்னா சிக்ஸ் பேக் விஷயமே இல்ல. நாற்பது வயசுல மாத்திரை டப்பா வாங்குறதை எத்தனை வருஷம் தள்ளிப் போட முடியும்ங்கிற கணக்குதான்.

இந்தக் கணக்குல தசைக்கு என்ன வேலை? நாம சாப்பிடுற சாதமும் இட்லியும் குளுக்கோஸா மாறி ரத்தத்துக்கு வரும்போது, அதை வாங்கிச் சேர்த்து வைக்கிற பெரிய குடோன்கள்ல ஒண்ணு நம்ம தசை. சாதாரணமா அந்தக் குடோன் கதவைத் திறக்க இன்சுலின்ங்கிற சாவி வேணும். ஆனா தசை சுருங்கி விரியும்போது, அதாவது நடக்கும்போதும் எடை தூக்கும்போதும், இன்சுலினோட உதவி இல்லாமலே குளுக்கோஸை உள்ள இழுக்க ஒரு தனி வழி திறக்குது. அதனால நடக்கிறது, இருக்கிற குடோனைத் திறந்து விடுற வேலை. எடைப் பயிற்சி, குடோனையே பெருசாக்குற வேலை. ரெண்டுமே வேணும்.

எவ்வளவு செஞ்சா போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு இது. பெரியவங்களுக்கு வாரத்துல 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி. கூடவே, வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாள் முக்கியமான தசைகளுக்கு எல்லாம் வேலை கொடுக்கிற பயிற்சி. மிதமானதுன்னா எப்படித் தெரியும்? நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. வாட்ச் எதுவும் தேவையில்ல.

இதுல ஒரு நல்ல மாற்றமும் இருக்கு. அதுக்கு முன்னாடி 2010-ல வந்த வழிகாட்டுதல்ல, ஒரு தடவை செஞ்சா குறைஞ்சது 10 நிமிஷமாவது தொடர்ந்து செய்யணும்னு இருந்தது. 2020-ல அதை எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் படி ஏறினாலும் கணக்குல சேரும். அப்புறம் அந்த 10,000 ஸ்டெப்ஸ்? அது 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி 'மான்போ-கேய்'ங்கிற பேர்ல ஸ்டெப் எண்ணுற கருவி வித்தப்போ பிரபலமான நம்பர். அந்தப் பேருக்கே '10,000 அடி மீட்டர்'னுதான் அர்த்தம். இலக்கா வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா 6,000 நடந்த நாளைத் தோல்வின்னு எழுதாதீங்க.

உடம்புக்குள்ள மூணு வேகம்

ஆரம்பிச்ச நிறைய பேர் ரெண்டாவது மாசம் நின்னுடுறாங்க. சோம்பேறித்தனம்னு எல்லாரும் திட்டுவாங்க. ஆனா பல சமயம் காரணம் வலி. ஏன் அப்படின்னா, உடம்போட எல்லா பாகமும் ஒரே வேகத்துல பழகுறது இல்ல.

இதயமும் மூச்சும் சீக்கிரம் பழகும். ரெண்டு மூணு வாரத்துலயே படி ஏறுறது ஈஸியா தெரியும். பலமும் முதல் சில வாரத்துலயே கூடும். ஆனா அந்தச் சமயத்துல தசை பெருசா வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை நல்லா பயன்படுத்த நரம்பு கத்துக்கிட்டதுதான் காரணம். தசை கண்ணுக்குத் தெரியிற அளவுக்கு வளர ரெண்டு மூணு மாசமாவது ஆகும். எல்லாத்தையும் விட மெதுவா பழகுறது தசைநாண், அதாவது தசையை எலும்போட கட்டி வைக்கிற கயிறு. அது உறுதியாக மாதக்கணக்குல ஆகும்.

இப்போ மூணாவது வாரத்தை யோசிச்சுப் பாருங்க. மூச்சு வாங்கல, பலம் கூடின மாதிரி இருக்கு, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓடலாமே"ன்னு மனசு சொல்லுது. ஆனா முட்டிக்குக் கீழ இருக்கிற அந்தக் கயிறு இன்னும் முதல் வாரத்துலதான் நிக்குது. என் டீம்ல ஒருத்தர் 20 நாள்ல ஜீரோவுல இருந்து 8 கிலோமீட்டருக்குப் போனார். 21-வது நாள் முட்டி வலி, அப்புறம் மூணு மாசம் ஒண்ணுமே இல்ல. அவர் மெதுவா போயிருந்தா அந்த மூணு மாசத்துல 8 கிலோமீட்டரையே தாண்டியிருப்பார்.

ஓட ஆசைப்படுறவங்களுக்கு 1996-ல ஜோஷ் கிளார்க் உருவாக்கின 'கவுச் டு ஃபைவ் கே' பிளான் இன்னைக்கும் நல்ல தொடக்கம். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இதையே மாத்தி மாத்தி 20 நிமிஷம். அவ்வளவு மெதுவா வச்சிருக்கிறதே அந்தக் கயிறுக்காகத்தான்னு நினைச்சுக்கோங்க. அடுத்த நாளும் மறுநாளும் வர்ற பொதுவான தசை வலி சாதாரணம், மூணு நாலு நாள்ல போயிடும். ஒரே புள்ளியில குத்துற வலி, மூட்டு வலி, நாளுக்கு நாள் கூடுற வலி, இதெல்லாம் நிறுத்தச் சொல்ற சிக்னல்.

கீழ் வரம்பு, இலக்கு: ரெண்டு நம்பர்

நான் ஒரு பிளானுக்கு ரெண்டு நம்பர் வைக்கச் சொல்வேன். ஒண்ணு இலக்கு, நல்ல வாரத்துல செய்யிறது. இன்னொண்ணு கீழ் வரம்பு, எவ்வளவு மோசமான நாளா இருந்தாலும் செய்யிறது. தினமும் டிக் போடுறது கீழ் வரம்புக்குத்தான்.

என்னோட கீழ் வரம்பு இது: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மொட்டை மாடியில 10 நிமிஷம் நடை. வாரத்துல ரெண்டு நாள், குளிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு செட் ஸ்குவாட், ரெண்டு செட் புஷ் அப். புரொடக்‌ஷன் இஷ்யூ வந்து கால் ஓடிக்கிட்டே இருந்தா, மியூட் போட்டுட்டு மாடிக்குப் போய் நடந்துக்கிட்டே கேட்பேன். இதைக் கேட்டு சிரிக்கிற அளவுக்குச் சின்னதா இருக்கணும். அப்போதான் அது நிக்கும்.

ஏன் சாப்பாட்டுக்கு அப்புறம்? நியூசிலாந்துல ஒட்டாகோ பல்கலைக்கழகம் டைப் 2 சர்க்கரை நோய் இருக்கிற 41 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2016-ல வெளியாச்சு. ஒரு குழு ஒரு வேளை 30 நிமிஷம் நடந்தது. அதே ஆட்களை இன்னொரு கட்டத்துல மூணு வேளையும் சாப்பிட்டதும் 10 நிமிஷம் நடக்க வச்சாங்க. மொத்த நிமிஷம் ஒண்ணுதான். ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தப்போ சர்க்கரை ஏற்றம் சராசரியா 12 சதவீதம் குறைஞ்சது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னாடி 22 சதவீதம் குறைஞ்சது. மதியம் 10, ராத்திரி 10, கொஞ்சம் வேகமா நடந்தா வாரத்துக்கு 140 நிமிஷம். ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்லயோ, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுலயோ ஒரு ரவுண்டு போனா 150-ஐத் தாண்டிடும்.

இதுல நேரத்துக்குப் பதிலா சாப்பாட்டோட பழக்கத்தைக் கட்டியிருக்கிறதைக் கவனிச்சீங்களா? நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்கு "காலைல அஞ்சரை மணி"ங்கிறதுக்கு அர்த்தமே கிடையாது. ஆனா ஷிஃப்ட் எதுவா இருந்தாலும் சாப்பாடு உண்டு. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு விஷயத்துக்கு அடுத்ததா புதுப் பழக்கத்தை வைங்க.

பழக்கம் ஆக எத்தனை நாள்? 21 நாள்னு பரவலா சொல்வாங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு செஞ்ச ஆய்வு அப்படிச் சொல்லல. யோசிக்காம செய்யிற நிலைக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும்னு கணக்கு வந்தது. அதே ஆய்வுல இன்னொரு ஆறுதலும் இருக்கு. நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் உருவாகிறது பெருசா பாதிக்கல. அதனால ஒரு நாள் விட்டா பிளானே போச்சுன்னு நினைக்க வேண்டாம். அடுத்த வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி நடங்க, அவ்வளவுதான். காய்ச்சல்னு ரெண்டு வாரம் விட்டாலும், திரும்பி வரும்போது பாதி அளவுல ஆரம்பிங்க. ஒரு தடவை சம்பாதிச்ச பலம் முதல் தடவையை விட சீக்கிரமா திரும்ப வரும்.

முதல் 12 வாரம்

வாரம் 1 முதல் 4: கீழ் வரம்பு நடை தினமும். வாரத்துல ரெண்டு நாள், 15 நிமிஷம், வீட்டுலயே அஞ்சு பயிற்சி. நாற்காலியில உட்கார்ந்து எழுந்திரிக்கிற ஸ்குவாட். சுவத்துல கை வச்சு புஷ் அப். லேப்டாப் பையில ரெண்டு தண்ணி பாட்டில் போட்டு, குனிஞ்சு இடுப்பு வரைக்கும் இழுக்கிறது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குறது. கடைசியா 20 செகண்ட் பிளாங்க். ஒவ்வொண்ணும் 8 தடவை, ஒரு செட். மூணாவது வாரத்துல ரெண்டு செட். முடிச்சதும் "இன்னும் மூணு தடவை பண்ணியிருக்கலாம்"னு தோணணும். அந்த இடத்துல நிறுத்துறதுதான் சரியான அளவு.

வாரம் 5 முதல் 8: எண்ணிக்கையை 8-ல இருந்து 12 வரைக்கும் கொண்டு போங்க. ரெண்டு செட்லயும் 12 வந்தா அடுத்த கஷ்டத்துக்கு மாறுங்க: சுவத்துல இருந்து டேபிள் விளிம்புக்கு, பைக்குள்ள மூணாவது பாட்டில். மாறினதும் மறுபடி 8-ல இருந்து ஆரம்பிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா சுமையைக் கூட்டிக்கிட்டே போற இந்த முறையை 1940-கள்ல அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம், காயம்பட்ட வீரர்களைத் தேத்துறதுக்குப் பயன்படுத்தினார். இன்னைக்கு எந்த ஜிம்முக்குப் போனாலும் அடிப்படை இதுதான்.

வாரம் 9 முதல் 12: மூணு செட், முடிஞ்சா வாரத்துல மூணு நாள். ஓட ஆசை இருந்தா இப்போ தொடங்கலாம். ஜிம்மும் இப்போதான். அதுவும் முதல்ல ஒரு மாசச் சந்தா. வீட்டுல இருந்தோ ஆபீஸ்ல இருந்தோ பத்து நிமிஷத்துல போற தூரத்துல இருக்கணும். ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல நாற்பது நிமிஷம் போக வேண்டிய சூப்பர் ஜிம்மை விட, தெருமுனையில இருக்கிற சுமாரான ஜிம் மேல்.

சாப்பாடு: முதல்ல சேருங்க, அப்புறம் குறைக்கலாம்

முதல் நாளே சாதத்தை நிறுத்தாதீங்க. பயிற்சியும் டயட்டும் ஒரே நாள்ல மாத்தினா ரெண்டும் சேர்ந்து கவிழும். முதல் மாசம் ஒரே ஒரு மாற்றம்: ஒவ்வொரு வேளையும் புரோட்டீன் எங்க இருக்குன்னு தேடுங்க.

ஐ.சி.எம்.ஆர். 2020-ல சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன். 65 கிலோ இருக்கிறவருக்கு 54 கிராம். எடைப் பயிற்சி செஞ்சா இன்னும் கொஞ்சம் கூடுதலா தேவைப்படும். நம்ம மூணு இட்லியில சுமார் 6 கிராம்தான் இருக்கும். சாம்பார்ல பருப்பு கெட்டியா இருந்தா இன்னும் சில கிராம் சேரும். கூட ரெண்டு முட்டை வச்சா 12 கிராம் கூடும். சைவம்னா சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலா ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல், அதுல சுமார் 14 கிராம். 100 கிராம் பன்னீர்ல 18 கிராம் வரைக்கும். ஒரு கப் தயிர்ல 6, 7 கிராம். புரோட்டீன் பவுடர் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. கிட்னி பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம புரோட்டீனைக் கூட்டக் கூடாது.

எதை அளக்கணும்?

எடை மெஷின் தினமும் பொய் சொல்லாது, ஆனா தினமும் குழப்பும். நேத்து ராத்திரி உப்பு ஜாஸ்தியா சாப்பிட்டாலே ஒரு கிலோ ஏறலாம். அதுக்குப் பதிலா மூணு விஷயம் எழுதி வைங்க. மாசத்துக்கு ஒரு தடவை இடுப்புச் சுற்றளவு. ஒவ்வொரு பயிற்சிக்கும் எத்தனை தடவை, எத்தனை செட். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, குறிப்பா எச்.பி.ஏ.1.சி. இது கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரி சர்க்கரையைக் காட்டும். 5.7-க்குக் கீழ இருந்தா நார்மல். 5.7-ல இருந்து 6.4 வரைக்கும் எச்சரிக்கைக் கட்டம். 6.5-ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டரைப் பாருங்க. வீட்டுல யாருக்காவது சுகர் இருந்தா முப்பது வயசு வரைக்கும் காத்திருக்காதீங்க.

நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறின மூச்சுத் திணறல் இருக்கிறவங்க, பி.பி., சுகருக்கு மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, எல்லாரும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க. சுகர் மாத்திரையோட பயிற்சியும் சேரும்போது சர்க்கரை ரொம்ப இறங்கிடற வாய்ப்பும் இருக்கு.

சரி, ஜிம்மா ரன்னிங்கா யோகாவான்னு கேட்டீங்களே. வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு வேலை, மத்த நாள் மூச்சு வாங்குற மாதிரி ஏதோ ஒண்ணு. இது ரெண்டும் இருந்தா எந்தப் பேர்ல செஞ்சாலும் சரிதான். பேட்மின்டன் ஆடுங்க, நீச்சல் போங்க, டான்ஸ் ஆடுங்க. உங்களுக்குப் பிடிச்சதைத் தேர்ந்தெடுங்க, ஏன்னா பத்து வருஷம் செய்யப் போறது நீங்கதான்.

இப்போ எபிசோடை நிறுத்திட்டு போன்ல நோட்ஸ் ஆப்பைத் திறங்க. மூணு வரி எழுதுங்க. என்னோட மோசமான நாள்ல எனக்குக் கிடைக்கிறது எத்தனை நிமிஷம்? எந்த வேளை சாப்பாட்டுக்கு அப்புறம் நடப்பேன்? எந்த ரெண்டு நாள் தசைக்கு? முதல் நடை இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம். செருப்பு போட்டாலே போதும். உங்க கீழ் வரம்பு என்னன்னு எனக்கும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதை வாசிக்கிறேன்.